இடக்கை முடிச்சு

அந்தப் பட்டறையில் துணி சோதிக்கிற பெண்ணுக்குக் கழுகுக்கண் என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதும் தெரியும். அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேஜை முன்னால் பதினோரு வருஷமாக உட்கார்ந்து, துணியில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் மனிதர்களை மட்டும் சும்மா விடுவாளா? பக்கத்து வீட்டு ஜன்னலில் புதுத் திரை தொங்கினால் தெருவே அழகாயிருக்கிறது என்று சொல்லும். இவள் எதை மறைக்கிறார்கள் என்று யோசிப்பாள். கடைக்காரர் இரண்டு பழம் கூடப் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். பெரும்பாலும் இரண்டு அழுகியிருக்கும், அதுதான் தொல்லை. அவள் சந்தேகம் பாதி நாள் சரியாக இருந்து தொலைத்தது.

பட்டறையில் நெய்தது ஒரே ஒரு ரகம்: கண் திறந்த வலைத்துணி. அது மருந்துக் கம்பெனிக்குப் போகும். அங்கே அதைக் களிம்பில் தோய்த்து, சதுரம் சதுரமாக வெட்டி, தீக்காயத்தின் மேல் போடுவதற்கு அனுப்புவார்கள். வெட்டினால் ஒரு இழைகூட உதிரக் கூடாது. உதிர்ந்த இழை புண்ணில் ஒட்டிக்கொண்டால் மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது நோயாளி போடுகிற சத்தம் மாடி வரை கேட்கும்.

சாதாரண நெசவை இவ்வளவு இடைவெளி விட்டு நெய்தால் நூல்கள் இஷ்டத்துக்கு நகரும். அதனால் இந்தத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று நேராக நிற்கும். மற்றொன்று அதை இடமும் வலமுமாகத் தாண்டித் தாண்டி, குறுக்கே வரும் ஊடை நூலைக் கவ்விப் பிடிக்கும். நிற்பது புருஷன் நூல், சுற்றி வருவது பெண்டாட்டி நூல் என்று நெசவாளர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். "அப்போ துணியைப் பிடிச்சு நிறுத்தறது யாரு?" என்று கழுகுக்கண் ஒருநாள் கேட்டாள். அதற்கப்புறம் அவள் இருக்கும்போது அந்தச் சிரிப்பு எழவில்லை.

தாண்டும் நூல் நடுவில் அறுந்தால், நெசவாளர் அறுந்த முனையைக் கொக்கியால் எடுத்து, நிற்கும் நூலுக்கு அடியில் உள்ள சின்ன வளையத்தில் நுழைத்து, மறுபக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். வளையத்தில் நுழைக்காமல் நேராகக் கட்டிவிட்டால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே கண், அதே வரிசை. கட்டைவிரல் நகத்தால் தள்ளினால்தான் குட்டு வெளிப்படும். ஊடை நூல் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு நழுவல் என்று பேர். நழுவல் கண்ட இடத்தில் கழுகுக்கண் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். அந்தத் துண்டு கம்பெனிக்குப் போகாது.

இரண்டு வாரத்தில் மூன்று சிவப்புச் சீட்டு ஒட்டினாள். மூன்றும் மூன்றாம் தறித் துணி. மூன்றாம் தறி அவள் கணவருடையது.

வீட்டுக்காரர் தறி என்று அவள் சலுகை காட்டவில்லை. ஆனால் நம்ப முடியவில்லை. இருபது வருஷமாக நெய்கிறவர். தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே வளையத்தில் நூல் நுழைப்பார். அவரா நேராகக் கட்டுவார்? கேட்டதற்கு, "நூல் மட்டமா வருது" என்றார். மற்ற ஆறு தறியிலும் அதே நூல்தான் ஓடியது.

முதலாளியம்மா எப்போதும் காதில் போனோடு தறிகளுக்கு நடுவே நடப்பவள். மூன்றாவது சீட்டைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு வந்தாள்.

"இன்னொரு துண்டு இப்படி வந்தா மூணாம் தறியில வேற ஆளை நிறுத்திடுவேன். உன் வீட்டுக்காரர்னு பாக்க மாட்டேன்."

"நீங்க ஏம்மா பாக்கணும், நான் பாத்துக்கறேன்" என்றாள் கழுகுக்கண்.

பார்க்க ஆரம்பித்தாள். அந்த மூன்று துண்டுகளையும் பழையபடி உருளையில் திரும்பச் சுற்றி மறுபடி மேஜையில் போட்டு, விளக்கைப் போட்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். மூன்றாவது துண்டில் அது மாட்டியது: ஒரு முடிச்சு. முடிச்சென்றால் எல்லாத் துணியிலும் இருக்கும். ஆனால் எல்லோருடைய முடிச்சிலும் நறுக்கிய வால் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இதில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பட்டறையில் இடது கையால் முடிச்சுப் போடுகிறவர் ஒரே ஒருவர். நாலாம் தறிக்காரர். அவருக்கு இடக்கை என்றே பேர்.

இடக்கையும் அவள் கணவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாப்ளே, மச்சான் என்றுதான் பேச்சு. ஒருவர் டப்பாவில் மற்றவர் கை போகும். அவர் இவளைத் தங்கச்சி என்பார். இவள் அண்ணா என்பாள். அதெல்லாம் சரி. அடுத்த மாதம் ஒரு புதுத் தறி வரப் போகிறது, அகலமானது, வேகமானது, சம்பளமும் கூட. அது மூத்தவர்கள் இருவரில் ஒருவருக்கு. மச்சானாவது மண்ணாவது! கழுகுக்கண்ணுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மேஜையில் துணியை இழுக்க இழுக்க, முதலில் நல்ல துணி வந்தது. பிறகு அந்த இடக்கை முடிச்சு. முடிச்சைத் தாண்டியதும் நழுவல். மற்ற இரண்டிலும் அப்படியே. முடிச்சு விழுந்த இடத்திலிருந்து துணி கெட்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் சாப்பாட்டு வேளையில், நூல் கூம்புகள் அடுக்கிய அறைக்குள் அவள் போய் நின்றுகொண்டாள். கூம்புப் பெட்டிகளின் இடுக்கு வழியாக மூன்றாம் தறி நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். அவள் கணவர் வாசலில், பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளந்தி மனுஷன், பின்னால் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் நிற்கிறாரே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. இடக்கை சட்டைப் பையிலிருந்து கொக்கியை எடுத்தார். வாசலை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் தறியின் மேல் குனிந்தார்.

அவளுக்கு அங்கேயே பாய்ந்து சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. சோதிக்கிறவளுக்குப் பொறுமை உண்டு. அடுத்த நாள் முதலாளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று முதலாளியம்மா கேட்டபோது இடக்கையின் விரல்களில் நூல் முனை இருந்தது. கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான். அவர் முதலாளியம்மாவைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தார். அங்கே அவள் கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நூல் அறுந்திருந்துச்சு. கட்டிக் குடுத்தேன்."

"கட்டிக் குடுத்தாரா, கெடுத்துக் குடுத்தாரான்னு கேளுங்கம்மா!" கழுகுக்கண்ணின் குரல் தறிச் சத்தத்தையே அடக்கப் பழகிய குரல், தறிகள் நின்றிருந்த வேளையில் அது தெரு வரை போனது. கை கழுவியவர்கள் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். அவள் அந்த மூன்றாவது துண்டை மேஜையில் விரித்தாள். "இதோ முடிச்சு. இங்கேருந்துதான் நழுவல் ஆரம்பம். நீங்களே தள்ளிப் பாருங்க. வால் இடப்பக்கம் இருக்கு. இங்க வேற யாருக்கும்மா இடக்கை?"

முதலாளியம்மா நகத்தால் தள்ளினாள். நூல் ஓடியது.

இடக்கை மேஜைக்கு வந்து குனிந்து பார்த்தார். "தங்கச்சி, நீ துணியை..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். அவள் கணவரை ஒரு தடவை பார்த்தார். கணவரின் வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை.

"நான் கெடுக்கல" என்றார் இடக்கை. "அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பிடிபட்ட எவனும் அதைத்தானே சொல்வான்! அவரை வேலையிலிருந்து நிறுத்தி, பையை வாசலில் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, ஒரு துவாலை, பாதி தேய்ந்த சோப்பு. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கழுகுக்கண் நின்று பார்த்தாள். அன்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

வீட்டில் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. "அவன் நல்லவன்டி" என்றார் ஒருநாள், சுவரைப் பார்த்து.

"நல்லவங்கதான் மாட்டாம செய்வாங்க" என்றாள் அவள். கூட இருந்தவன் குழி பறித்ததில் மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு நாள் அவரிடம் குரலைத் தணித்துப் பேசினாள்.

மூன்றாம் நாள் மூன்றாம் தறித் துணியில் ஒரு நழுவல் இருந்தது. ஐந்தாம் நாள் மூன்று. ஏழாம் நாள் எண்ணி முடிப்பதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது. முதலாளியம்மா, "பக்கத்துல இருந்தவர் போனதுல மனசு கலங்கியிருக்காரு, தேறட்டும்" என்று ஏதோ சொல்லி இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தாள். கழுகுக்கண் விடுவாளா? நாலாம் தறியில் வந்து உட்கார்ந்த புது ஆளைச் சந்தேகப்பட்டாள். அவனுக்கு மூன்றாம் தறிப் பக்கம் திரும்பவே நேரமில்லை. பெருக்குகிற அம்மாளைச் சந்தேகப்பட்டாள். அந்த அம்மாளுக்கு விளக்குமாற்றைத் தவிர வேறெதையும் நுழைக்கத் தெரியாது. இடக்கை இருட்டியதும் ஜன்னல் வழியாக வருகிறாரோ என்று ஜன்னல் கொக்கியில் ஒரு நூலைக் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் நூல் அறாமல் அப்படியே இருந்தது. ஒருவேளை அவரே திரும்பக் கட்டியிருப்பாரோ என்று முடிச்சின் வாலைப் பார்த்தாள். வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

ஒன்பதாம் நாள் வந்த துண்டில் ஒரு நழுவல் தொடங்கி, துண்டு முடியும் வரை நிற்காமல் ஓடியது. இடக்கை முடிச்சு ஒன்றுகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, அலமாரியில் சாட்சிக்காக எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய துண்டைக் கொண்டுவந்து மேஜையில் பொருத்தி இழுத்தாள்.

முதலில் நல்ல துணி. பிறகு ஒரு சாதாரண முடிச்சு, வால் வலப்பக்கம். அதைத் தாண்டியதும் நழுவல். நாலு முழம் போனது. அப்புறம் இடக்கை முடிச்சு. அதைத் தாண்டி நகத்தால் தள்ளினாள். நூல் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். நகம்தான் வலித்தது.

துண்டை எவனோ மாற்றிவிட்டான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஓரத்தில் அவள் ஒட்டிய சீட்டும் அவள் கையெழுத்தும் இருந்தன. அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தறியில் நெய்யும் துணி உருளையில் சுற்றிக்கொண்டே போகும். முதலில் நெய்தது உள்ளே, கடைசியாக நெய்தது வெளியே. அந்த உருளை மேஜைக்கு வந்து அவள் இழுத்தால் கடைசியில் நெய்ததுதான் முதலில் வரும். அன்று அவள் பார்த்தது தலைகீழ் வரிசை. இழுத்து முடித்த துணி மேஜையின் மறுமுனை உருளையில் போய்ச் சுற்றிக்கொண்டதால், இன்று நெய்த வரிசைப்படியே வந்திருக்கிறது. வேறு யாரோ நூலை நேராகக் கட்டி, நாலு முழம் நழுவலாக ஓடிய பிறகு, சாப்பாட்டு வேளையில் இடக்கை வந்து வளையத்தில் நுழைத்துச் சரிசெய்து முடிச்சுப் போட்டிருக்கிறார். அங்கே கெட்டது நின்றிருக்கிறது. பதினோரு வருஷமாக அவள் இழுக்கிற துணி, ஒரு குழந்தைக்குச் சொன்னால் புரிகிற விஷயம். ஆளைப் பிடிக்கிற அவசரத்தில் அது அவள் புத்திக்கு எட்டவில்லை. இடக்கைக்கு அன்றே தெரிந்திருக்கிறது. 'நீ துணியை' என்று சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். யாருக்காக நிறுத்தினார் என்பதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவரின் மடியில் ஒரு சாண் வலைத்துணியைப் போட்டாள்.

"இதுல முடிச்சு எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் விரலை மெல்ல நகர்த்தினார். தடவித் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். சரியான இடம்தான்.

"விரலால இல்ல. கண்ணால."

அவர் தலை தூக்கினார். அவள் முகம் இருந்த திசையில் பார்த்தார். "தெரிஞ்சுடுச்சா?"

"எப்போலேருந்து?"

"ஆறு மாசம் இருக்கும். இந்த ஒரு மாசமாத்தான் ரொம்ப மோசம். வெள்ளை மேல வெள்ளை தெரியல. புகை மூட்டமா இருக்கு. நூல் அறுந்தா வளையம் எங்கன்னு கண்டுபிடிக்க முடியல, அப்படியே கட்டிடுவேன். அவன்தான் முதல்ல பாத்தான். புதுத் தறி கைக்கு வர்ற வரைக்கும் சமாளிச்சுட்டு அப்புறம் கண்ணைக் காட்டிக்கறேன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். சாப்பாட்டு நேரத்துல அவன் சரி பண்ணுவான், நான் வாசல்ல காவல் நிப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "மறுநாளே என் நெத்தியில சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒட்டியிருப்பாள். தீக்காயத்தில் போய் ஒட்டுகிற துணி; ஒட்டாமல் என்ன செய்வாள்? அதில் தப்பொன்றும் இல்லை என்று இப்போதும் தோன்றியது. ஆனால் கட்டிய புருஷன், கண் மங்குகிறது என்று சொல்லக்கூடப் பயந்து ஆறு மாதம் அவளோடு ஒரே கட்டிலில் படுத்திருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அந்த மனுஷன் நின்னாரே. ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே!"

"வாயைத் திறந்தேன். சத்தம் வரல." அவர் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் துணியால் எதையும் மறைக்க முடியாது. அவர் அழுவது நன்றாகத் தெரிந்தது.

காலையில் முதலாளியம்மா வருவதற்கு முன்பே கழுகுக்கண் அவள் அறை வாசலில் நின்றாள். இரண்டு துண்டுகளையும் மேஜையில் போட்டு, எது முன், எது பின் என்று காட்டினாள். கணவரின் கண்ணைச் சொன்னாள். தன் தப்பையும் சொன்னாள். முதலாளியம்மா இரண்டு முடிச்சுக்கும் பின்னால் நகத்தால் தள்ளிப் பார்த்தாள்.

"எனக்கும் அன்னைக்கு இடிச்சுது" என்றாள் கடைசியில். "புதுத் தறி எனக்கு வேணாம், மூணாம் தறிக்காரனுக்கே குடுங்கன்னு அவர் போன மாசமே வந்து சொல்லிட்டுப் போனாரு. அப்படிப்பட்டவர் எதுக்குக் கெடுக்கணும்? ஆனா நீ துணியைக் காட்டின. துணியைப் பாத்து நீ சொன்னா அதுக்கு மேல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்." அவள் போனை எடுத்தாள், வைத்தாள். "உன் வீட்டுக்காரர் இன்னைக்கே கண்ணைக் காட்டட்டும். சரியாகற வரைக்கும் தறிப் பக்கம் வர வேணாம். வந்தப்புறம் பாக்கலாம். இடக்கையை நீ போய்க் கூட்டிட்டு வா. நீதானே அனுப்பின."

நானும் வருகிறேன் என்று கணவர் கிளம்பினார். "நீங்க டாக்டர்கிட்ட போங்க" என்றாள் அவள். "நான் சொன்னதை நான்தான் எடுக்கணும். உங்க பங்குக்கு நீங்க அப்புறம் போய் நில்லுங்க."

இடக்கையின் வீடு ஒரு நீண்ட சந்தின் கடைசியில் இருந்தது. இருபுறமும் வாசல்கள், துணி காயப்போடுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அவளைத் தெரியும், எதற்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்தது அவர் மனைவி. பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"அண்ணி, அண்ணா இருக்காரா? உள்ள வந்து கொஞ்சம்..."

"உள்ள எதுக்கு? அன்னைக்குப் பத்துப் பேர் முன்னாடிதானே பேசினீங்க. இங்கயே பேசுங்க."

நியாயம்தான். கழுகுக்கண் திரும்பி, சந்துப் பக்கம் பார்த்து நின்றாள். பழகிய குரல் அன்று சட்டென்று எழும்பவில்லை. இரண்டாம் தடவைதான் வந்தது.

"அண்ணா எதையும் கெடுக்கல. என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியல. அவர் கெடுத்ததை இவர் சரி பண்ணினாரு. நான் துணியைத் தலைகீழாப் பாத்துட்டு இவர் மேல பழி போட்டேன். இவர் மேல ஒரு தப்பும் இல்ல. முதலாளியம்மா வேலைக்குத் திரும்பக் கூப்பிடறாங்க."

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் திரும்பியபோது அண்ணியின் பின்னால், கட்டிலில் உட்கார்ந்து குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்த இடக்கை தெரிந்தார்.

"திங்கக்கிழமை வரேன்னு முதலாளியம்மாகிட்ட சொல்லு" என்றார் அவர். குடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் கண்ணை முதல்ல பாருங்க."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒன்பது நாள்" என்றாள் அவரைப் பார்த்து. "ஒன்பது நாள் உங்களோட பேசாம இருந்தேன். நீங்க பண்ணினீங்கன்னே நம்பிட்டேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சத்தியம் பண்ணிட்டேன். சொல்லியிருப்பேனான்னு தெரியல." அவர் குடையைக் கீழே வைத்தார். "ஆனா, 'ஏன் இப்படிச் செஞ்சீங்க'ன்னுதான் நீ கேட்ட. தங்கச்சி அதுகூடக் கேக்கல. செஞ்சேனா இல்லையான்னு, ஒருத்தராவது கேட்டிருக்கலாம்."

அண்ணி கதவை முழுதாகத் திறந்துவிட்டு அவரிடம் போனாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. கழுகுக்கண் செருப்போடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.